குடத்தில் ஓலை இட்டவர் யார்?

உத்தரமேரூர்க் கல்வெட்டைப் பற்றி அன்று வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். சன்னலுக்கு வெளியே மஞ்சு இறங்கி, எதிரே இருந்த காப்பித் தோட்டத்தை மூடிக்கொண்டிருந்தது. உள்ளே நான் முழங்கிக்கொண்டிருந்தேன். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே, பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும் வெட்டப்பட்ட கல்வெட்டுகள்! முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்ட ஊர்! தகுதியுடையோர் பெயர்களை ஓலைகளில் எழுதிக் கட்டாகக் கட்டிக் குடத்தில் இடுவார்கள். ஒன்றும் அறியாத சிறுவன் ஒருவனைக் கைவிட்டு எடுக்கச் சொல்வார்கள். எவர் பெயர் வருகிறதோ அவரே வாரியப் பெருமகன். ஆண்டு வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம்! உலகம் உறங்கிக் கிடந்தபோது இங்கே தேர்தல் நடந்தது என்று பெருமிதத்தோடு சொல்லி முடித்தேன்.

பின்வரிசையில் ஒரு மாணவி எழுந்தாள். மலையாளிப் பழங்குடி வீட்டுப் பெண். நாகலூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் ஒன்றிலிருந்து நாள்தோறும் நடந்து வருபவள்.

“சார், எங்க ஊர்க்காரங்க பேரை ஓலையில எழுதிக் குடத்துல போட விட்டிருப்பாங்களா?”

முழக்கம் நின்றது. விட்டிருக்கமாட்டார்கள் என்பதே விடை. கால் வேலி நிலமாவது வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள் இருக்கவேண்டும். இவற்றோடு மந்திர பிராமணம் ஓதியிருக்கவும் வேண்டும். உத்தரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம். பார்ப்பனருக்குக் கொடையாக விடப்பட்ட ஊர். அந்தக் குடத்திற்குள் உழவன் ஓலை இல்லை, குயவன் ஓலை இல்லை, பெண்ணின் ஓலை இல்லை. குடத்தைச் செய்த குயவனுக்கே அந்தக் குடத்தில் இடமில்லை! கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் நிற்கக்கூடாது என்று விதித்தார்களே, அதைப் பாராட்டலாம். அந்த ஒரு விதியை இன்றைய கட்சிகள் மேற்கொண்டால் பாதிப் பேருக்கு வேட்பு மனுவே கிடைக்காது. ஆனால் மாணவி கேட்டது அதுவன்று. கையை விட்டு எடுப்பவன் யார் என்று நாம் வியந்துகொண்டிருக்கிறோம். உள்ளே ஓலையை இட்டவன் யார் என்று அவள் கேட்டாள்.

தோழர்களே, அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு சோழ நாட்டிலிருந்து தில்லிக்கு வந்து பாருங்கள். இந்தியாவின் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் சட்டமன்றங்களிலும் உள்ள தேர்ந்தெடுக்கப்பெற்ற உறுப்பினர்கள். அரசியல் சட்டத்தின் 54ஆம் பிரிவு அவ்வாறு கூறுகிறது. 2022இல் அவர்கள் தொகை 4,809. ஓலையை எடுக்கும் கைகள் இவை, எண்ணிவிடலாம். ஓலையை இட்ட கைகளை எவரேனும் எண்ணியதுண்டா?

தொடக்கமே ஒரு பாடம். 1949 செப்டம்பரில் நேரு, இராசேந்திர பிரசாத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். கவர்னர் ஜெனரலாக இருக்கும் ஆச்சாரியாரே குடியரசுத் தலைவராகத் தொடர்வது நலம் என்று தாமும் படேலும் கருதுவதாக அதில் கண்டிருந்தது. பிரசாத் மனம் நொந்து மறுமொழி விடுத்தார். அரசியல் நிர்ணய சபையிலிருந்த காங்கிரசு உறுப்பினர்களின் கூட்டத்தில் நேரு இந்தக் கருத்தைச் சொன்னபோது எதிர்ப்பு வெடித்தது. 1942இல் ‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கத்திலிருந்து விலகி நின்றவரா முதல் குடியரசுத் தலைவர் என்று கேட்டார்கள். நேரு பணிந்தார். 1950 சனவரி 24ஆம் நாள் இராசேந்திர பிரசாத் போட்டியின்றித் தேர்வு பெற்றார்.

ஆச்சாரியாருக்காகக் கண்ணீர் சிந்தும் வழக்கம் இந்த ஏட்டைப் படிப்போர்க்கு இல்லை. குலக்கல்வித் திட்டத்தை மறப்பவர் நாமல்லோம். ஆனால் நிகழ்ச்சியைக் கவனியுங்கள். உறுப்பினர்கள் வாய் திறந்தார்கள், பெயர் மாறியது. வாக்கெடுப்பு ஒன்றும் நடக்கவில்லை. நடந்தது முணுமுணுப்பு மட்டுமே. அந்த முணுமுணுப்புக்கே அன்றைய பிரதமர் இறங்கி வந்தார். அதைக் கண்ட காங்கிரசுக் கட்சி அடுத்துச் செய்திருக்கவேண்டியது, முணுமுணுப்பை முறையான வாக்காக்குவது. செய்யவில்லை. மாறாக, முணுமுணுப்பு எழாதபடி கதவை இன்னும் இறுக்கமாகச் சாத்தக் கற்றுக்கொண்டது.

வாக்கெடுப்பு என்பது அந்தக் கட்சிக்குத் தெரியாத கலையா? இல்லை. நம் சென்னையிலேயே நடத்திக் காட்டினார்கள். 1954இல் ஆச்சாரியார் பதவி விலகியபோது, சட்டமன்றக் காங்கிரசுக் கட்சித் தலைவர் பதவிக்குக் காமராசர் நின்றார். எதிர்த்து நின்றவர் சி. சுப்பிரமணியம். காமராசருக்கு 93, சுப்பிரமணியத்துக்கு 41. அந்த 93 வாக்குகள் தமிழ்நாட்டுக்கு என்ன செய்தன என்பதைப் பள்ளிக்கூடத்து மதிய உணவுத் தட்டு சொல்லும். வென்றவர் தோற்றவரையே அமைச்சராக்கிக்கொண்டார் என்பது அந்த வாக்கெடுப்பின் இன்னொரு சிறப்பு.

அதே காமராசர் அகில இந்தியக் காங்கிரசுத் தலைவரானார். 1964இல் நேரு மறைந்தார். அடுத்த பிரதமர் யார்? வாக்கெடுப்பு வேண்டாம், கருத்தொற்றுமை காண்போம் என்றார் காமராசர். எம்.பி.க்களையும் தலைவர்களையும் தனித்தனியே கண்டு பேசினார். பின்னர் லால்பகதூர் சாத்திரியின் பெயரை அறிவித்தார். கருத்தொற்றுமை என்ற சொல் காதுக்கு இனிக்கும். ஆனால் எத்தனை பேர் எவரைச் சொன்னார்கள் என்ற கணக்கு எங்கே? கேட்டவர் நெஞ்சில்! காமராசர் நேர்மையானவர், ஆகவே கணக்கும் நேர்மையாக இருந்திருக்கும் என்று நம்பலாம். ஆனால் ஒரு மனிதரின் நேர்மையை நம்பி நிற்கும் முறை, அவர் எழுந்து போனதும் அடுத்து வந்து அமர்பவரின் தயவில் நிற்கும்.

1966இல் சாத்திரி தாசுகண்டில் மறைந்தபோது மொரார்சி தேசாய் பிடிவாதம் பிடித்தார். எனக்குக் கருத்தொற்றுமை வேண்டாம், வாக்கெடுப்பு வேண்டும் என்றார். சனவரி 19ஆம் நாள் காங்கிரசு எம்.பி.க்கள் வாக்களித்தனர். இந்திரா காந்தி 355, மொரார்சி 169. கட்சி இடிந்து விழவில்லை. வானம் கீழே வரவில்லை. தோற்றவர் அடுத்த ஆண்டே துணைப் பிரதமரானார். பிரதமரை எம்.பி.க்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கலாம் என்றால், குடியரசுத் தலைவர் வேட்பாளரை ஏன் தேர்ந்தெடுக்கக் கூடாது? எவரும் கேட்கவில்லை. கேட்காததற்கு 1969இல் விலை கொடுத்தார்கள்.

1969 மே 3ஆம் நாள் சாகிர் உசேன் பதவியிலிருக்கும்போதே மறைந்தார். சூலைத் திங்களில் பெங்களூரில் அகில இந்தியக் காங்கிரசுக் குழு கூடிற்று. கூடிய இடம் லால்பாக் பூங்காவின் கண்ணாடி மாளிகை. நான்கு புறமும் கண்ணாடி! ஆனால் வேட்பாளரைத் தேர்ந்தெடுத்தது அந்தக் கண்ணாடிக்குள் அமர்ந்திருந்த நூற்றுக்கணக்கான பிரதிநிதிகள் அல்லர். நாடாளுமன்றக் குழு எனப்பட்ட எண்மர், தனியே, மூடிய அறையில், சூலை 12ஆம் நாள் முடிவு செய்தார்கள். இந்திரா அம்மையார் செகசீவன்ராம் பெயரைச் சொன்னார். பக்ருதீன் அலி அகமது அவர் பக்கம். காமராசர், மொரார்சி, எசு.கே. பாட்டீல், சவான் ஆகிய நால்வரும் நீலம் சஞ்சீவ ரெட்டி என்றனர். நான்குக்கு இரண்டு. முடிந்தது கதை.

செகசீவன்ராம் யார்? பீகாரில் தாழ்த்தப்பட்ட சமூகத்தில் பிறந்து, நேருவின் முதல் அமைச்சரவையிலேயே இடம்பெற்றவர். அது காந்தியார் நூற்றாண்டு விழா நடந்த ஆண்டு. சேரி மக்களை ‘அரியின் மக்கள்’ என்று பெயர் சூட்டி அழைத்தவருக்கு நாடெங்கும் தோரணம். அந்த மக்களில் ஒருவரை நாட்டின் முதல் குடிமகனாக்கலாமா என்ற வினா மூடிய அறையில் நான்கு கைகளால் தள்ளப்படுகிறது. அம்மையாரின் முன்மொழிவில் சமூக நீதி எவ்வளவு, எதிரிகளை மடக்கும் சூழ்ச்சி எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் ஆகாது. சூழ்ச்சியே மிகுதி என்பவர்களும் உண்டு. இருக்கட்டும். நாடெங்கும் இருந்த காங்கிரசு எம்.பி.க்களையும் எம்.எல்.ஏ.க்களையும் கேட்டிருந்தால் செகசீவன்ராம் வென்றிருப்பாரா? அதையும் சொல்ல இயலாது. கேட்கவே இல்லையே, அதுதான் என் வழக்கு! தாழ்த்தப்பட்ட சமூகத்தார் ஒருவர் அந்த மாளிகைக்குள் தலைவராக நுழைய 1997 வரை, கே.ஆர். நாராயணன் வரும் வரை, நாடு காத்திருந்தது. இருபத்தெட்டு ஆண்டுகள்.

நான்கு பேரில் ஒருவராகக் கை தூக்கியவர் நம் காமராசர் என்பதை எழுதும்போது எழுதுகோல் தயங்குகிறது. பச்சைத்தமிழர் என்று பெரியார் பாராட்டியவர். 93 வாக்குகளால் அரியணை ஏறியவர். வாக்கின் அருமையை அவரைவிட அறிந்தவர் யார்? ஆயினும் அந்த அறையில் அவரும் அறைக்குரிய வழக்கப்படியே நடந்தார். நல்லவர்களையும் தன் வழக்கத்துக்கு வளைத்துக்கொள்ளும் வல்லமை மூடிய அறைக்கு உண்டு.

பின்னர் நடந்தவை வேகமாக நடந்தன. சூலை 16இல் மொரார்சியிடமிருந்து நிதித்துறை பறிக்கப்பட்டது. 19இல் பதினான்கு வங்கிகள் நாட்டுடைமையாயின. 20இல், தற்காலிகக் குடியரசுத் தலைவராயிருந்த வி.வி. கிரி பதவி விலகிச் சுயேச்சையாகக் களத்தில் இறங்கினார். 1937இல் ஆச்சாரியாரின் சென்னை அமைச்சரவையில் தொழிலாளர் அமைச்சராயிருந்த அதே கிரி. ரெட்டியின் வேட்பு மனுவில் கையொப்பமிட்டிருந்த இந்திரா அம்மையார், மனச்சான்றுப்படி வாக்களியுங்கள் என்று தம் கட்சியினருக்குச் சொன்னார். காங்கிரசுத் தலைவர் நிசலிங்கப்பாவோ, இரண்டாவது விருப்ப வாக்கு வேண்டிச் சனசங்கத் தலைவர்களையும் சுதந்திராக் கட்சித் தலைவர்களையும் போய்ப் பார்த்தார். தி.மு. கழகம் கிரியை ஆதரித்தது. ஆகஸ்டு 16இல் வாக்குப் பதிவு, 20இல் எண்ணிக்கை. முதல் விருப்ப வாக்குகளில் கிரிக்கு 4,01,515, ரெட்டிக்கு 3,13,548, தேசுமுக்கு 1,12,769. எவருக்கும் பாதிக்கு மேல் இல்லை. இரண்டாவது விருப்பங்களைப் பிரித்துச் சேர்த்தபோது கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. ஆளுங்கட்சி வேட்பாளர் தோற்றார். அவ்வாறு தோற்றவர் இதுவரை அவர் ஒருவரே. நவம்பர் 12இல் பிரதமரையே கட்சியிலிருந்து நீக்கினார்கள்; எண்பத்து நான்கு ஆண்டுக் கட்சி இரண்டாகப் பிளந்தது.

பிளவுக்குக் காரணங்கள் பல. கொள்கை உண்டு, பதவி உண்டு, பழைய பகை உண்டு. ஆனால் பொறி விழுந்த இடம் அந்த அறை. நான்கு பேர் சேர்ந்து ஒரு பெயரைச் சொல்லி, நாலாயிரம் பேர் அதற்குக் கட்டுப்படவேண்டும் என்றபோது, ‘மனச்சான்று’ என்ற சொல் ஆயுதமாகிவிட்டது. முதலிலேயே மனச்சான்றுக்கு ஒரு பெட்டி வைத்து, அதில் வாக்கிடச் சொல்லியிருந்தால்?

“குடியரசுத் தலைவர் வெறும் முத்திரை, முத்திரையை எவர் கையில் கொடுத்தால் என்ன?” என்று கேட்பவர்கள் உண்டு. முத்திரை என்பதனாலேதான் கேட்கிறேன். 1969இல் அந்த அறையில் அம்மையார் பக்கம் நின்ற பக்ருதீன் அலி அகமது, 1974இல் அம்மையாரின் வேட்பாளராகிக் குடியரசுத் தலைவரானார். 1975 சூன் 25 நள்ளிரவை ஒட்டி நெருக்கடி நிலை அறிவிப்பு அவர் முன் வந்தது. அமைச்சரவை கூடவில்லை, அது மறுநாட் காலையில்தான் கூடியது. அவர் கையொப்பமிட்டார். ஏடுகளுக்குத் தணிக்கை, எதிர்ப்பாளர்க்குச் சிறை. 1976 சனவரி 31ஆம் நாள் தமிழ்நாட்டில் கலைஞரின் ஆட்சி கலைக்கப்பட்டபோதும் முத்திரை அவருடையதே. அவரை நல்லவர் அல்லர் என்று நான் சொல்லவில்லை. ஒருவரால் மட்டுமே தேர்ந்தெடுக்கப்பட்டவர், அந்த ஒருவரிடம் ‘அமைச்சரவை முடிவு எங்கே?’ என்று கேட்பது எளிதா என்பதே வினா.

தமிழர் என்றால் போதும் என்று எண்ணுவோரும் சற்று நிதானிக்கவேண்டும். 1991 சனவரி 30இல், ஆளுநர் பர்னாலா அறிக்கை தர மறுத்தபிறகும், தி.மு.க. ஆட்சியைக் கலைத்த ஆணையில் ஒப்பமிட்டவர் இரா. வெங்கட்டராமன். பட்டுக்கோட்டைப் பகுதியில் பிறந்தவர், நம்மவர். மறுபுறம், ஏறத்தாழ எல்லாக் கட்சிகளும் ஏற்று 1997இல் 9,56,290 வாக்கு மதிப்போடு வந்த நாராயணன், அதே ஆண்டு அக்டோபரில் உத்தரப் பிரதேச ஆட்சியைக் கலைக்கும் பரிந்துரையை மறு ஆய்வுக்குத் திருப்பி அனுப்பினார். அடுத்த ஆண்டு பீகார் தொடர்பான பரிந்துரையையும் அனுப்பினார். (அவரை எதிர்த்து நின்று 50,631 பெற்றவர் தேர்தல்களைச் சீர்திருத்திய டி.என். சேசன் என்பது வரலாற்றின் குறும்பு.) இரண்டு எடுத்துக்காட்டுகளைக் கொண்டு விதி வகுத்துவிட முடியாது. மனிதரின் இயல்பும் உண்டு. ஆனால் பலர் தோளில் ஏறி வந்தவருக்குத் தலை நிமிர்வது எளிது என்று நினைக்க இடமிருக்கிறது.

செகசீவன்ராமின் கதை 1969உடன் முடியவில்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும். 1977இல் சனதாக் கட்சி வென்றது. பிரதமர் யார்? செகசீவன்ராம் களத்தில் இருந்தார். எம்.பி.க்கள் வாக்களிக்கவில்லை, செயப்பிரகாச நாராயணனும் கிருபளானியும் கருத்தறிந்து மொரார்சியை அறிவித்தனர். மீண்டும் கருத்தறிதல்! மீண்டும் கணக்கு ஏட்டில் இல்லை! அதே ஆண்டு சூலையில் சஞ்சீவ ரெட்டி குடியரசுத் தலைவரானார், போட்டியே இல்லாமல். முப்பத்தேழு மனுக்களில் முப்பத்தாறு தள்ளுபடியாயின.

அமெரிக்காவைப் பாருங்கள். அங்கும் தொடக்கத்தில் இதே அறைதான். கட்சியின் காங்கிரசு உறுப்பினர்கள் கூடி வேட்பாளரைக் குறிப்பார்கள். ‘மன்னர் கூட்டம்’ என்று மக்கள் அதை ஏளனம் செய்தார்கள். 1824இல் அந்தக் கூட்டத்துக்கு வந்தவர்கள் 66 பேர். அவர்கள் குறித்த கிராபோர்டு தேர்தலில் மூன்றாமிடத்துக்குப் போனார். மன்னர் கூட்டம் மாண்டது. 1831இல் பால்டிமோர் நகரில் ஒரு சிறு கட்சி முதன்முதலாகப் பிரதிநிதிகள் மாநாட்டைக் கூட்டி வேட்பாளரைத் தேர்ந்தது. பெரிய கட்சிகள் அதைப் பின்பற்றின. அறை மாநாடாயிற்று. ஆனால் மாநாட்டுக்கும் பின்புறம் ஓர் அறை முளைத்தது. புகை சூழ்ந்த அறை என்று அதற்குப் பெயர். 1924இல் சனநாயகக் கட்சி மாநாடு 103 முறை வாக்கெடுத்தது, முடிவெடுக்கத் தெரியாமல்! கட்சி வாக்காளர்களே வாக்களிக்கும் முதனிலைத் தேர்தல்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தன. ஆயினும் 1912இல் அவற்றில் பெரும்பான்மையானவற்றை வென்ற தியோடர் ரூசுவெல்ட்டுக்கு மாநாடு இடம் தரவில்லை, டாப்ட்டுக்கே தந்தது. 1968இல் சிகாகோவில் நடந்தது அதைவிடக் கொடுமை. வியட்நாம் போரை எதிர்த்து இளைஞர்கள் தெருவில் அடி வாங்கிக்கொண்டிருந்தார்கள். உள்ளே, முதனிலைத் தேர்தல் ஒன்றிலும் போட்டியிடாத அம்பிரே வேட்பாளரானார். அந்த இளைஞர்களின் சினம்தான் சீர்திருத்தத்தைக் கொண்டுவந்தது. மக்கவர்ன், பிரேசர் ஆகியோர் தலைமையில் குழு அமைத்து விதிகளை மாற்றினார்கள். பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் கறுப்பின மக்களுக்கும் பிரதிநிதிகளில் இடம் வைக்கச் சொன்னார்கள்.

புதிய விதிப்படி 1972இல் வேட்பாளரானவர் அதே மக்கவர்ன். ஐம்பது மாநிலங்களில் நாற்பத்தொன்பதில் தோற்றார். இதைச் சொல்லிச் சிரிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சிரிக்கட்டும்; முறை நல்லதென்றால் வெற்றி உறுதி என்று எவரும் ஒப்பந்தம் எழுதித் தரவில்லை. அங்கே உண்மையான கேடு வேறு: முதனிலைத் தேர்தலில் பணம் புகுந்தது. கோடிகளைக் கொட்டாமல் அங்கே எவரும் பெயர் பெற முடியாது என்றாகிவிட்டது. 2024இல் பைடன் சூலை 21ஆம் நாள் விலகியபோது, கமலா ஆரிசைப் பிரதிநிதிகளே தேர்ந்தார்கள். முதனிலைத் தேர்தலுக்கு நேரமே இல்லை. ஆகவே அமெரிக்க முறையை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து நடவேண்டும் என்று நான் சொல்லவில்லை. காப்பிச் செடியைக் கொண்டுவந்து நட்ட மலை எங்கள் மலை. எந்தப் பயிர் எந்த மண்ணில் வேர்பிடிக்கும் என்று பார்த்துத்தான் நடவேண்டும் என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும்.

நம் மண்ணில் இன்று எவ்வாறு நடக்கிறது? 2002 சூன் 10. அப்துல் கலாம் அண்ணா பல்கலைக்கழகத்தில் பாடம் சொல்லிக்கொண்டிருந்த நாள். பிரதமர் வாச்பாயிடமிருந்து தொலைபேசி. நீங்கள் குடியரசுத் தலைவராக வேண்டும் என்றார். கலாம் இரண்டு மணி நேரம் அவகாசம் கேட்டார், ஒப்புக்கொண்டார். இராமேசுவரத்துப் படகுக்காரர் மகன், எளிமையின் வடிவம். நாடு மகிழ்ந்தது, நானும் மகிழ்கிறேன். அவரை எதிர்த்து நின்றவரும் சென்னையில் பிறந்த வீரமங்கை, கேப்டன் இலட்சுமி. கலாம் 9,22,884, இலட்சுமி 1,07,366. இருவருமே பெருமைக்குரியவர்கள்தாம். ஆனால் ஒரு தொலைபேசி அழைப்பில் கலாமும் வரலாம், கலாம் அல்லாதவரும் வரலாம். தொலைபேசிக்குத் தகுதியைக் காணும் கண் இல்லை.

2012இல் சங்மா. மேகாலயாவின் பழங்குடித் தலைவர், மக்களவைத் தலைவராயிருந்தவர். பழங்குடியினர் ஒருவர் குடியரசுத் தலைவராகவேண்டும் என்று சொல்லி நின்றார். அவருடைய கட்சியே அவரை விலகச் சொன்னது. அவர் கட்சியை விட்டு விலகினார். செயலலிதாவும் நவீன் பட்நாயக்கும் அவரை முன்னிறுத்தினார்கள். பிரணாப் முகர்சியிடம் தோற்றார். பத்தாண்டுக்குப் பின், 2022 சூன் 21ஆம் நாள், பாரதிய சனதாவின் நாடாளுமன்றக் குழு கூடித் திரௌபதி முர்முவை அறிவித்தது. அதே நாள் எதிர்க்கட்சிகள் யசுவந்த் சின்காவை அறிவித்தன. சரத்பவார், பாரூக் அப்துல்லா, கோபாலகிருட்டிண காந்தி ஆகிய மூவர் மறுத்தபின் கிடைத்த நான்காவது பெயர் அது. முர்மு 6,76,803 பெற்று வென்றார். ஒடிசாவின் மயூர்பஞ்சு மாவட்டத்துச் சந்தாலிப் பெண்மணி நாட்டின் தலைவியானார்.

அந்தச் செய்தி எங்கள் மலைக்கும் வந்தது. ஏற்காடு, பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்ட சட்டமன்றத் தொகுதி. தமிழ்நாட்டில் அத்தகைய தொகுதிகள் இரண்டே, மற்றொன்று சேந்தமங்கலம். ஏற்காட்டு எம்.எல்.ஏ.யின் வாக்குக்கும் சென்னை நகரத்து எம்.எல்.ஏ.யின் வாக்குக்கும் குடியரசுத் தலைவர் தேர்தலில் ஒரே மதிப்பு: 176. 1971 மக்கள் தொகையை அடிப்படையாக வைத்துக் கணக்கிட்ட மதிப்பு அது. 234 பேருக்கும் சேர்த்து 41,184. அதாவது எங்கள் மலைக்கும் ஓலையை எடுக்கும் கை ஒன்று உண்டு. பழங்குடிப் பெண் ஒருவர் குடியரசுத் தலைவராகவேண்டுமா என்று முடிவெடுத்த நாளில், நாட்டிலுள்ள பழங்குடி எம்.எல்.ஏ.க்களில் எத்தனை பேரை அந்த அறைக்குள் அழைத்துக் கேட்டார்கள்? அவரை எதிர்த்து ஒருவரை நிறுத்திய அறையிலாவது கேட்டார்களா? இரு தரப்பிலும் பெயர் மேலிருந்து வந்தது. கீழே இருந்தவர்கள் கை தட்டினார்கள், அல்லது கை கட்டினார்கள். பழங்குடிப் பெயர் குடத்தில் விழுந்ததைக் கொண்டாடுவோம். பழங்குடிக் கை அதை இட்டதா என்று கேட்பதையும் விடவேண்டாம்.

சட்டம் இதற்கு உதவுமா? இன்று உள்ள சட்டம் எதிர்த் திசையில்தான் போகிறது. 1974இல் வேட்பாளருக்குப் பத்துப் பேர் முன்மொழிந்து பத்துப் பேர் வழிமொழியவேண்டும் என்றார்கள். 1997இல் அதை ஐம்பதும் ஐம்பதுமாக உயர்த்தினார்கள். வைப்புத் தொகை 15,000 ரூபாய். விளையாட்டுக்கு மனுப் போடுவோரைத் தடுக்க என்பது காரணம். காரணத்தில் நியாயம் உண்டு. ஆனால் தடுக்கப்பட்டவர்களில், கட்சி முடிவுக்கு மாறான நல்லவர் ஒருவரை முன்மொழிய நினைக்கும் பத்துப் பதினைந்து உறுப்பினர்களும் உண்டு. இவ்வாறு ஓலை இடும் உரிமை முழுவதும் கட்சித் தலைமையின் கைக்குப் போய்விட்டது. கட்சிக்குள் சனநாயகம் வேண்டும் என்று கேட்கச் சட்டம் ஏதும் இல்லை. செருமானியர் தம் அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவிலேயே, கட்சிகளின் உள்ளமைப்பு சனநாயக நெறிக்கு உட்பட்டிருக்கவேண்டும் என்று எழுதிவைத்தார்கள். இட்லரிடம் பட்டவர்கள் அவர்கள். நம் சட்ட ஆணையம், நீதிபதி சீவன் ரெட்டி தலைமையில், 1999இல் தன் 170ஆவது அறிக்கையில் இதே கருத்தைப் பரிந்துரைத்தது. எந்தக் கட்சி ஆண்டபோதும் அது சட்டமாகவில்லை. தங்கள் காலில் தாங்களே விலங்கு பூட்டிக்கொள்ள எவர் முன்வருவார்?

ஆனால் ஒரு வாயில் திறந்தே இருக்கிறது. குடியரசுத் தலைவர் தேர்தலில் கொறடா ஆணை செல்லாது. கட்சித் தாவல் தடைச் சட்டம் அங்கே பாயாது. வாக்குச் சீட்டு மறைவானது. சட்டமே உறுப்பினருக்கு மனச்சான்றை விட்டுவைத்திருக்கும் இடம் அது. ஆகவே ஒவ்வொரு கட்சியும் செய்யக்கூடியது எளிது. தன் எம்.பி.க்களையும் எம்.எல்.ஏ.க்களையும், தேர்தலுக்கு ஒரு திங்களுக்கு முன்பே, அவரவர் மாநிலத் தலைநகரில் ஒரே நாளில் கூட்டலாம். பெயர்களை வெளிப்படையாக அறிவிக்கலாம். சிறுதொகையினர், பத்துப் பேரே ஆயினும், ஒரு பெயரைச் சொல்ல உரிமை தரலாம். மறைவு வாக்கெடுப்பு நடத்தி எண்ணிக்கையை ஏட்டில் வெளியிடலாம். 4,809 பேர், இவர்களுக்குப் பேரணி வேண்டாம், கோடி வேண்டாம், சுவரொட்டி வேண்டாம். வாக்காளர்களும் இவர்களே என்பதால் அமெரிக்காவில் புகுந்த பணக்கேடு இங்கே அந்த அளவில் புகாது. புகவே புகாது என்று சொல்லமாட்டேன், நம் எம்.எல்.ஏ.க்களைச் சொகுசு விடுதிகளில் அடைத்துவைத்த காட்சிகளை நாடு கண்டிருக்கிறது.

“கூட்டணி இருக்கிறதே, பல கட்சி சேர்ந்துதானே ஒருவரை நிறுத்த முடியும்?” என்பது வலுவான எதிர்வாதம். இதற்கு என்னிடம் முழு விடை இல்லை. ஒவ்வொரு கட்சியும் தன் உறுப்பினர்கள் வாக்களித்த எண்ணிக்கையோடு கூட்டணிக் கூட்டத்துக்கு வரலாம். வெறும் தலைவரின் விருப்பத்தோடு வருவதைவிட அது மேல். அங்கேயும் பேரம் நடக்கும். ஆனால் எந்தப் பெயருக்கு எத்தனை பேர் என்ற கணக்கு மேசைமேல் கிடக்கும்போது நடக்கும் பேரம் வேறு. 1969இல் நடந்தது வேறு.

“இதை எந்தக் கட்சி முதலில் செய்யும்?” தேசியக் கட்சிகளை நான் எதிர்பார்க்கவில்லை. பகுத்தறிவையும் சமத்துவத்தையும் பேசும் கட்சிகளைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. பொதுக்குழுவில் தீர்மானம் கொண்டுவர இளைஞர்களுக்கு உரிமை உண்டு. முர்முவின் பதவிக்காலம் 2027 சூலை வரை. அந்த ஆண்டு வேனிலுக்கு முன் ஒரு மாவட்டத்திலிருந்தாவது அத்தகைய தீர்மானம் எழவேண்டும்.

அந்த மாணவிக்கு நான் அன்று விடை சொன்னேன், விட்டிருக்கமாட்டார்கள் என்று. மறு வாரம் வகுப்புத் தலைவர் தேர்தல். வழக்கமாக ஆசிரியராகிய நானே இரண்டு பெயர்களைக் கரும்பலகையில் எழுதி, கை தூக்குங்கள் என்பேன். இம்முறை சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, வெறுந்தாள்களைக் கொடுத்தேன். ஏழு பெயர்கள் வந்தன. அவற்றில் நான் ஒருபோதும் எழுதியிருக்கமாட்டாத பெயர்கள் நான்கு.